சீசன் வீட்டு நாற்காலி

கேதம் கேட்க வந்தவர்கள் கையில் துண்டும் எண்ணெயும் இருந்தன.

மேலகரத்து வீட்டு வாசலில் வேன் வந்து நின்றதும் முதலில் இறங்கியது ஒரு பிளாஸ்டிக் கூடை. அதன் விளிம்பில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரமாகத் தொங்கின. கூடைக்குப் பின்னால் சங்கிலிப்பாண்டி சித்தப்பா இறங்கினார். வாசலில் நின்ற நிர்மலாதேவியைக் கண்டதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சித்தி ஓடி வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கக்கா போயிட்டாளே! இனி இந்த வாசல்ல நின்னு எங்கள யாரு கூப்பிடுவா!"

அழுகை உண்மையானதுதான். நிர்மலாவுக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மூக்கைச் சிந்திய கையோடு சித்தி கேட்டாள்: "ஏட்டி, மெயின் ஃபால்ஸ்ல தண்ணி எப்படி விழுது? ஐந்தருவியில குளிக்க விடுதானா?"

அம்மா இறந்தது மே மாதம். ஆவடியிலிருந்து வர அப்போது இவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜூலையில் சாரல் விழுந்ததும் கிடைத்துவிட்டது. சித்தப்பாவின் இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது.

"கேத வீட்டுக்கு வந்தா தலையோட குளிக்கணும்லா" என்றார் சித்தப்பா, நிர்மலாவின் பார்வையைப் பார்த்துவிட்டு. "வீட்டுல குளிச்சா என்ன, அருவியில குளிச்சா என்ன? எல்லாம் தண்ணிதான."

அப்பா தங்கசாமி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சொன்னார்: "போயிட்டு வாங்க. வந்து சாப்பிடலாம்."

யார் சமைப்பது என்று அவர் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதை யாரும் சொன்னதே இல்லை.

அம்மா ஆவுடைத்தாய் கடையத்தில் பிறந்தவள். கல்யாணம் முடிந்து வந்தபோது தங்கசாமி சிவகிரியில் கான்ஸ்டபிள். குவார்ட்டர்ஸில் ஓர் அறை, ஒரு அடுப்படி. அது போதுமானதாக இருந்தது என்று அவள் பிற்பாடு சொல்வாள். விருந்தாளி வந்தால் உட்கார இடம் இல்லை. அதனால் யாரும் வரவில்லை. பிறகு தென்காசிக்கு மாற்றல் வந்தது. மேலகரத்தில் வீடு கட்டினார்கள். அங்கிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம். அவளுடைய நிம்மதி அன்றோடு போயிற்று.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீடு இருந்தால் எவ்வளவு வசதி என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டில் இருப்பவளுக்கு அது எப்படி என்று எவரும் கேட்பதில்லை.

ஜூனில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று உள்ளே வரும். காற்றோடு ஆட்களும் வருவார்கள். தங்கசாமியின் தம்பிமார், தங்கைமார், அவர்களுடைய சம்பந்திகள், ஸ்டேஷனில் கூட வேலை பார்த்தவர்கள், அவர்கள் அனுப்பிவைத்த முன்பின் தெரியாதவர்கள். "நம்ம ஏட்டு வீடு அங்கனதான இருக்கு" என்ற ஒரு சொல் போதும். மாடிக்கொடி முழுக்க ஈரத்துணி தொங்கும். சாரலில் அது காயாது; நாறும். ஆவுடைத்தாய் ஒவ்வொன்றாக எடுத்து இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தி ஈரத்தை ஆவியாக்குவாள். அருவியில் நின்று வந்தவர்களுக்கு அகோரப் பசி எடுக்கும். காலையில் ஒரு பானை மாவு, சாயங்காலம் ஒரு பானை மாவு. செங்கோட்டை பார்டர் கடையில் புரோட்டா தின்றுவிட்டு வந்தவர்கள்கூட, "மதினி, ஒரு வாய் ரசஞ்சோறு" என்று இலையைத் தேடுவார்கள்.

அவள் ஒன்றும் பூமாதேவி இல்லை. வாய் உண்டு. ஒரு முறை நாத்தனார், "என்ன மதினி, அருவியை வாசல்ல வச்சிக்கிட்டு ஒரு நாளாச்சும் குளிக்க வாரியளா?" என்று கேட்டதற்கு, "நமக்குள்ள பங்கு பிரிச்சாச்சு தாயி. அருவி உங்களுக்கு, ஈரத்துணி எனக்கு" என்றாள். நாத்தனார் சிரித்துவிட்டு இன்னொரு தோசை கேட்டாள்.

சீசனில் அவள் அருவிக்குப் போனதே கிடையாது. பங்குனி மாதம், தண்ணீர் பாறையோடு ஒட்டிக் கசிகிற நாளில், காய்கறி வாங்கப் போன வழியில் காலை நனைத்துவிட்டு வருவாள். குளித்தாயிற்று என்று சொல்லிக்கொள்வாள்.

தங்கசாமி ரிட்டயர் ஆனதும் அவள் ஒரு யோசனை செய்தாள். மாடியில் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டால் சொந்தக்காரர்களுக்கு இடம் இருக்காதே! மாடி எழும்பியது. யோசனை பலிக்கவில்லை. மேலே வாடகைக்காரர்கள், கீழே சொந்தக்காரர்கள் என்று ஆயிற்று. மேலே இருப்பவர்களும் வெந்நீர் கேட்டுக் கீழேதான் வந்தார்கள்.

இந்த வருடம் பிப்ரவரியில் கிருபா மாடிக்குக் குடிவந்தாள். சுரண்டைப் பெண். சென்னையில் நாடகம் படித்து, அங்கேயே ஒரு குழு சேர்த்துக்கொண்டு திரும்பியிருந்தாள். அவர்கள் செய்யப் போவது மேடை நாடகம் இல்லை. குற்றாலத்தில் ஒரு பழைய பங்களாவை எடுத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள்தான் சீசனுக்குத் தங்க வந்த விருந்தாளிகள். வாசலில் ஆளுக்கொரு சாவி கொடுப்பார்கள். சாவிக்கு உரிய அறையில் ஆரம்பித்து வீடு முழுக்க நடக்க வேண்டும். வீட்டுக்காரி, அவளுடைய மகன், சமையல்காரர் என்று அறைக்கு ஒருவர் பாடிக்கொண்டு வருவார், கையைப் பிடித்து இழுத்துப் போவார், கேள்வி கேட்பார். வந்தவர் பதில் சொல்லலாம். நாடகத்தின் பெயர் 'சீசன் வீடு'.

இப்படிப்பட்ட நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க நடிகர்கள் மட்டும் போதாது. விருந்தாளியாக உட்கார ஓர் ஆள் வேண்டும். கொடியில் துணி எடுக்க மாடிக்குப் போன ஆவுடைத்தாயைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வீட்டுக்காரியின் மகனாக நடிக்கிற பாண்டிராஜ் அவள் முன்னால் குனிந்து நின்றான்.

"வாங்க ஆச்சி. பஸ்ல வந்த அலுப்பு இருக்கும். காப்பி சாப்பிடுதியளா?"

"யாரு போட்ட காப்பி?"

"நான் போட்டது ஆச்சி."

"அப்ப தண்ணி குடு."

குழு மொத்தமும் சிரித்துவிட்டது. கிருபா அதை அப்படியே நாடகத்தில் சேர்த்துக்கொண்டாள். அதன்பின் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஆவுடைத்தாய் மாடி ஏறினாள். "விருந்தாளி வேலைக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். "உங்கம்மைக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று தங்கசாமி நிர்மலாவிடம் சொல்வார்.

நிர்மலா காற்றாலையில் சர்வீஸ் இன்ஜினியர். கணவர் ராணுவத்தில், வடக்கே. சுரண்டைப் பக்கம் கம்பெனியின் காற்றாடிகள் நிற்கின்றன. அவள் காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். அந்த மே மாதச் சாயங்காலமும் அவள் வீட்டில் இல்லை.

அன்று கடைசி அறைக் காட்சியை ஒத்திகை பார்த்தார்கள். ஒரு சாய்வு நாற்காலி. விருந்தாளியை அதில் உட்காரச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, வீட்டுக்காரியின் மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாடுவான். நீங்கள் சற்று உட்காருங்கள், கூப்பிடுகிறவர்கள் காத்திருக்கட்டும் என்பதுதான் பாட்டு. பாட்டுக்கு நடுவில் கீழேயிருந்து தங்கசாமி நிஜமாகவே கூப்பிட்டார். "ஏளா, ராத்திரிக்கு என்ன?" நாற்காலியில் அசைவு இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். மாடியில் எல்லாரும் சிரித்தார்கள். ஆச்சி பாட்டில் சொன்னபடியே செய்கிறாள், வழக்கம்போல விளையாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று நினைத்தார்கள். பாட்டு முடிந்தது. பாண்டிராஜ் முதலடியிலிருந்து இன்னொரு சுற்றுப் பாடினான். அதுவும் முடிந்த பிறகுதான் கையை விட்டான். கை தொப்பென்று கீழே விழுந்தது.

மாரடைப்பு. உடனே தூக்கிக்கொண்டு வந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது என்றார் டாக்டர். நிர்மலா தலையாட்டினாள். நம்பவில்லை.

மறுநாள் பாண்டிராஜ் கேத வீட்டுக்கு வந்து கூட்டத்தின் ஓரமாக நின்றான். நிர்மலா நேரே போய்க் கேட்டாள்.

"பாட்டு முடிஞ்சிட்டுல்லா? பெறகு எதுக்குலே மறுபடி பாடுன?"

அவன் வாயைத் திறக்கவில்லை.

"எங்கப்பா கூப்பிடுதாவ. எங்கம்ம பதில் சொல்லல. நீங்க சிரிக்கிய. அதோட விட்டியளா, இன்னொரு சுத்து வேற. எதுக்கு?"

அவன் பார்வை அவளைத் தாண்டித் தங்கசாமியிடம் போயிற்று.

"வெளிய போ" என்றாள். கேத வீட்டில் யாரையும் வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை. அவள் சொன்னாள். பெண்களின் அழுகைகூட ஒரு கணம் நின்றது.

அந்த வாரமே குழு மாடியைக் காலி செய்தது.

இப்போது, சித்தப்பா குடும்பம் அருவியிலிருந்து தலை சொட்டச் சொட்டத் திரும்பி, நிர்மலா வடித்த சோற்றைத் தின்றுகொண்டிருந்த சனிக்கிழமை மத்தியானம், கிருபா வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கு எங்க ஷோ தொடங்குது. ஆச்சிக்குன்னு ஒரு எடம் வச்சிருக்கோம். நீங்க வரணும்."

நிர்மலா கையில் சோற்றுக்கரண்டி இருந்தது. "அந்தக் கடைசி ரூம் இருக்கா?"

கிருபா தலையைக் குனிந்துகொண்டாள். "இருக்குக்கா. எடுத்திரலாம்னுதான் நெனச்சோம். ஆச்சிக்கு ரொம்பப் பிடிச்ச எடம் அது. சொல்லாம செய்யக் கூடாதுன்னுதான் நேர்ல வந்தேன்."

"எங்கம்ம செத்த நாற்காலியில டிக்கெட் எடுத்தவன உக்கார வச்சுப் பாடுவிய. நானும் வந்து வரிசையில நிக்கணும். அப்படித்தான?"

"அப்படிச் சொல்லாதிய அக்கா."

"வேற எப்படிச் சொல்ல? எங்கம்ம பேசுனதெல்லாம் உங்களுக்கு வசனம். எங்கம்ம பட்டதெல்லாம் உங்களுக்குப் பாட்டு. செத்ததாவது அவளுக்குன்னு இருக்கட்டுமே!"

உள்ளேயிருந்து சித்தப்பா எழுந்து வந்தார். கை கழுவவில்லை.

"ஏ பிள்ளை, யாரும்மா நீ? இந்த வீட்டுல துட்டி விழுந்து இன்னும் வருஷம் திரும்பல. பொம்பளப்பிள்ளை கூத்துப் பாக்கப் போனான்னா ஊரு காறித் துப்பும். அதுவும் எங்க மதினி உசிரு போன கூத்து. போ தாயி, போ."

அவர் சொன்னதும் தான் சொன்னதும் ஒன்றாக இருந்தது நிர்மலாவுக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க அருவியில கெடந்து கும்மாளம் போட்டுட்டு வரலாமா சித்தப்பா?"

"அது குளியல்ட்டி. கேதக் குளியல்."

"போற வழியில பஜ்ஜி தின்னது?"

"பிள்ளைக கேட்டுச்சு."

"சாயங்காலம் படகு விடப் போறதாச் சொன்னியளே, அதுவும் கேதமா?"

தங்கசாமி குரல் கொடுத்தார். "நிர்மலா, பெரியவுகள எதுத்துப் பேசாத. நீ போவ வேண்டாம். அம்புட்டுத்தான். நான் எத்தன தடவ கூப்பிட்டேன் அன்னைக்கு. ஒரு பயலாவது எட்டிப் பாத்தானா?"

கிருபா கொண்டுவந்த அழைப்பு அட்டையைத் தாழ்வாரச் சுவரில் வைத்துவிட்டுப் போனாள். சித்தப்பா உள்ளே போய் மோர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுரண்டையிலிருந்து போன் வந்தது. ஒரு காற்றாடி நின்றுவிட்டது. காற்று சீசனில் நிற்கிற காற்றாடிக்கு ஞாயிறு, கேதம் எதுவும் கிடையாது. விருந்தாளிகளுக்கு இட்லி ஊற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

டெக்னீஷியன் மன்சூர் கோபுரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவளோடு சேர்ந்து பல வருடமாக ஏறி இறங்குகிறவன்.

"மேடம், சென்சார் கோளாறுதான். போன மாசமும் அதான. கீழ இருந்தே ரீசெட் பண்ணிட்டு ரிப்போர்ட்ல சென்சார்னு போட்ருவோம். இந்தக் காத்துல ஏறணுமா?"

"ஏறிப் பாத்தியா?"

"பாக்கல."

"பாக்காம எழுதுனா அது ரிப்போர்ட் இல்ல மன்சூர். ஊர் வம்பு."

"ஞாயித்துக்கிழமையும் விட மாட்டிய" என்று சிரித்தபடி அவன் பெல்ட்டை எடுத்துக் கொடுத்தான்.

காற்று சற்றுத் தணியக் காத்திருந்து ஏறினார்கள். உச்சி அறையில் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். சென்சார் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வயர் நுனி தளர்ந்து, ஆட்டத்தில் விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது. முறுக்கினாள். சரியாயிற்று.

மேற்கே மலை தெரியவில்லை. வெள்ளையாக மேகம். அதன் அடியில்தான் குற்றாலம்.

அம்மா விஷயத்தில் இரண்டு மாதமாக, ஏறிப் பார்க்காமலே எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. ஒரு மனுஷி கைக்கெட்டும் தூரத்தில் செத்துப்போவது ஒருவனுக்குத் தெரியாமல் இருக்குமா? இருக்காது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அந்த நாற்காலியை அவள் பார்த்ததில்லை. அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. எங்கே கை, எங்கே முகம், எது தெரியும், எது தெரியாது? ஒன்றும் தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. ஆனால் ஆளாளுக்குத் தீர்ப்பு மட்டும் இருக்கிறது.

"என்ன மேடம், யோசனை?" என்றான் மன்சூர்.

"சாயங்காலம் இன்னொரு எடத்துல ஏற வேண்டியிருக்கு."

"இன்னைக்கா? எந்த மெஷின்?"

"மெஷின் இல்ல."

கம்பெனிச் சட்டையும் கனத்த ஷூவுமாக நேரே குற்றாலத்துக்குப் போனாள். பங்களா வாசலில் வரிசை நின்றது. சாவி கொடுக்கிற மேஜையில் போன்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முறை வந்தபோது போன் அடித்தது. சித்தப்பா.

"எங்கட்டி இருக்க? பிள்ளைக பசிக்குங்குது. ராத்திரிக்கு என்ன?"

அவளுக்குக் காது சுட்டது. அன்று அப்பா கேட்ட அதே கேள்வி. ஒரு எழுத்து மாறவில்லை.

"அரிசி அடுப்புக்குக் கீழ இருக்கு சித்தப்பா. பருப்பு மேல் தட்டுல. உலை வைங்க."

"நான் வைக்கவா?"

"பட்டாளத்துல இருந்தவுகதான நீங்க? கூட ரெண்டு ஆம்பளப்பிள்ளைகள் வேற இருக்காவ. எங்கப்பாவுக்கும் சேத்து வடிங்க."

"நீ எங்கட்டி இருக்க?"

"கூத்துப் பாக்க வந்திருக்கேன்."

மறுமுனையில் பேச்சு வருவதற்குள் போனைப் பெட்டியில் போட்டாள்.

உள்ளே வீடு முழுக்கப் பாட்டு. எந்தக் கதவு வழியாக எது வருகிறது என்று சொல்ல முடியவில்லை. கூடத்தில் சென்னைக்காரப் பெண் ஒருத்தி வீட்டுக்காரியாக நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்த விதம் அம்மாவுடையது. நெற்றியைப் புறங்கையால் துடைத்த விதமும். நிர்மலாவுக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது.

"பங்கு பிரிச்சாச்சு தாயி" என்றாள் அந்தப் பெண், சுற்றி நின்ற விருந்தாளிகளைப் பார்த்து. "அருவி உங்களுக்கு, ஈரத்துணி எனக்கு."

கூடமே சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். இதைச் சொன்னவளுக்கு யார் கைதட்டினார்கள்? அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டியவர்களைத் தவிர யார் இருந்தார்கள்? நிர்மலா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் நடுவயதுப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரிப்பு நின்றது.

கடைசி அறைக்கு ஒவ்வொருவராகத்தான் விட்டார்கள். வாசலில் நின்ற கிருபா அவளைக் கண்டதும் கைகளைக் கூப்பினாள். ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்தாள்.

உள்ளே இருட்டு. நாற்காலிக்குப் பின்னால் சாய்வாக ஒரு விளக்கு. ஸ்டூலில் இருந்த பாண்டிராஜ் எழுந்தான்.

"அக்கா..."

"நான் விருந்தாளி. உன் வேலையப் பாரு."

உட்கார்ந்தாள். நாற்காலி ஆளை உள்ளே வாங்கிக்கொண்டது.

"பஸ்ல வந்த அலுப்பு இருக்கும்" என்றான். "கண்ண மூடிக்கோங்க."

"மூட மாட்டேன். பாடு."

அவன் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். பாடினான்.

"நனைஞ்ச துணி நனைஞ்சே கெடக்கட்டும்,
கொதிச்ச உலை கொதிச்சே கெடக்கட்டும்,
கூப்பிட்டவுக காத்தே கெடக்கட்டும்,
உக்காருங்க, நீங்க செத்த உக்காருங்க."

நல்ல குரல். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. பாட்டு முடியும்வரை கண் சிமிட்டாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கையை உருவிக்கொண்டாள்.

"எந்திரி. நீ இங்கன உக்காரு."

"அக்கா, அடுத்த ஆள்..."

"உக்காருன்னேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் பிடித்த மாதிரியே அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். வெளிச்சம் நாற்காலியின் தோளைத் தாண்டிக் கைகளின் மேல் விழுந்தது. கையில் இருந்த ரோமம்கூடத் தெரிந்தது. கைக்கு மேலே கறுப்பு. முகம் இருக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை.

"கண்ணு மூடியிருக்கியா, தொறந்திருக்கியா?"

"தொறந்துதான் இருக்கேன்."

"வாயைத் தொற." சற்று நேரம் பார்த்தாள். "தொறந்திருக்கா?"

"தொறந்துதான் இருந்தேன் அக்கா. இப்பப் பேசுறதுக்குத்தான் மூடுனேன்."

ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அன்றும் இருந்திருக்கும்.

"மாடியிலயும் இதே விளக்கா?"

"இதேதான். முகத்துல வெளிச்சம் பட்டா வந்தவுக கூச்சப்படுவாவன்னு இப்படி வச்சோம்."

நிர்மலா எழுந்தாள். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு விளக்கு! இரண்டு சாண் முன்னால் தள்ளி வைத்திருந்தால் முகம் தெரிந்திருக்கும். ஆனால் முகம் தெரியாததற்கு விடை கிடைத்ததே தவிர, அவள் கேட்டதற்குக் கிடைக்கவில்லை.

"பாட்டு முடிஞ்சிட்டு. பெறகு எதுக்கு இன்னொரு சுத்து பாடுன? அன்னைக்குக் கேட்டேன், நீ சொல்லல."

"அன்னைக்கு அங்கன வச்சுச் சொல்ல முடியலக்கா. உங்கப்பா பக்கத்துல இருந்தாவ."

"இப்ப சொல்லு."

அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"ஆச்சி உக்காரும்போதே சொல்லிட்டுத்தான் உக்காந்தாவ. 'ஏலே பாண்டி, சட்டுன்னு முடிச்சிராத. இழுத்துப் பாடு. முடிஞ்சா இன்னொரு தடவ பாடு. கீழ போனா சப்பாத்திக்கு மாவு பிசையணும்'னு."

வெளியே எங்கோ ஒரு அறையில் கைதட்டல் கேட்டது.

"சிரிச்சிக்கிட்டே சொன்னாவ அக்கா. சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டாவ. அப்பா கீழ இருந்து கூப்பிட்டதும் நான் கையை லேசா அமுக்குனேன், போவணுமான்னு கேக்கதுக்கு. அவிய ஒண்ணும் செய்யல. சரி, வேண்டாம்னுதான் இருக்காவன்னு நெனச்சேன்."

அந்த மாவு கடைசியில் யார் பிசைந்தது? யாரும் பிசையவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இட்லி வந்தது. அப்பா சாப்பிட்டார். உயிர் போகிற நேரத்தில்கூட அம்மாவுக்கு ஒரு பாட்டு முடிந்தால் எழுந்து கீழே போக வேண்டியிருந்தது. இன்னொரு பாட்டை இரவலாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தன் வீட்டில் தன் மாடியில், வாடகைக்கு இருப்பவனிடம்.

கதவு லேசாகத் திறந்தது. கிருபா எட்டிப் பார்த்தாள். "அக்கா, வெளிய ஆள் நிக்காவ. ரொம்ப நேரமாயிட்டு."

"நிக்கட்டும். ஒரு துணி குடு."

கிருபா தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தாள். நிர்மலா ஸ்டூலின் மேல் ஏறி, சூடான விளக்கைத் துண்டால் பிடித்து, தாங்கியின் திருகைத் தளர்த்தி, நாற்காலிக்கு முன்பக்கமாக இழுத்துத் திருப்பினாள். வெளிச்சம் நாற்காலியின் முகப்பில் விழுந்தது. பாண்டிராஜின் நனைந்த முகம் பளிச்சென்று தெரிந்தது.

"முகத்துல பட்டா கண்ண மூட மாட்டாவளே அக்கா" என்றாள் கிருபா.

"மூட வேண்டாம். உக்காந்தா போதும். யாரு உக்காந்தாலும் முகம் தெரியணும். நாளைக்கும் இப்படித்தான் இருக்கணும். நான் வந்து பாப்பேன்."

திருகை இறுக்கினாள். கீழே இறங்கினாள். பாண்டிராஜ் நாற்காலியை விட்டு எழுந்து ஒதுங்கினான். அவள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதில் உட்கார்ந்து சாய்ந்தாள். வெளிச்சம் கண்ணைக் கூசியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"பாடு" என்றாள். "இழுத்துப் பாடு."